அத்தை முகூர்த்தத்துக்கு மேளம் வராதது ஏன்

போன வாரம் அலிப்பூரில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தீர்களே, அன்றிலிருந்து நீங்கள் இருவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று உங்கள் அம்மா என்னிடம் சொன்னாள். அத்தைக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் மேளமே இல்லையாம். யாரோ அபசகுனமாகக் கத்தினார்களாம். எல்லாம் உங்கள் அப்பாவாகிய நான் சரியாக ஏற்பாடு செய்யாததால் வந்ததாம். அந்த வீட்டுப் பெரியவர்கள் இதைக் குழந்தைகள் காதில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். கம்பெனி ஆபீஸில் கடிதம் நகல் எடுத்துப் பிழைக்கிறவன். அழகாக எழுத வராது. ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தலில் நான் இருந்தேன். அதுவும் உங்கள் அத்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகையால் என்னைவிட நன்றாக இதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

எங்கள் அப்பா அம்மா இருவரும் முன்பே போய்விட்டதால் தங்கையின் கல்யாணத்தை நான்தான் நடத்த வேண்டியிருந்தது. பாலிகஞ்சில் பெரிய முற்றம் வைத்த ஒரு வீட்டை நான்கு நாளைக்கு வாடகைக்குப் பிடித்தேன். சம்பந்தி வீட்டார் சீர் விஷயத்தில் கெடுபிடி செய்யவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான். இந்த ஊர் ஷெனாயும் பேண்டு வாத்தியமும் கூடாது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாகஸ்வரமும் தவிலும் வரவேண்டும் என்றார்கள். கல்கத்தாவில் பிறந்த உங்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். தாலி கட்டுகிற கணத்தில் எங்கேயாவது ஒருவர் தும்முவார், ஒருவர் அழுவார், ஒருவர் வாய் தவறி வேண்டாத வார்த்தை சொல்லிவிடுவார். அதெல்லாம் மணப்பெண் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம். அந்த நிமிஷத்தில் தவில்காரர் அடிக்கிற அடியில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

மேளக்காரர்கள் ஐந்து பேர் முகூர்த்தத்துக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தார்கள். யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், யாரை எந்த வண்டியில் அழைத்துவர வேண்டும் என்று ஒரு முழு நீளக் காகிதத்தில் கோடு போட்டு எழுதினேன். முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் எட்டே காலுக்குள், மிதுன லக்னம். மேளக்காரர்கள் ஆறு மணிக்கு ஹௌரா ஸ்டேஷனில், இரண்டு குதிரைக் கோச்சு வண்டிகள் தயாராக நிற்கும். அதே வண்டிகள் பிறகு ஏழு மணிக்கு அலிப்பூரில் சம்பந்தி வீட்டு விருந்தாளிகளை ஏற்றவேண்டும். என் ஆபீஸ் நண்பர்கள் ஏழேகால். வங்காளி அண்டை வீட்டார் பத்து மணி. ஹௌராவின் மிதவைப் பாலத்தைக் கப்பலுக்காக அன்று காலை திறக்கிறார்களா என்றுகூடப் பத்திரிகையில் பார்த்து வைத்தேன். திறக்கவில்லை. அத்தனை ஜாக்கிரதை.

மேளக்காரர்கள் ஹௌராவுக்கு ஏன் ரயிலில் வரவேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் மாப்பிள்ளையின் சித்தப்பா. ரயில்வேயில் வேலை, ஹௌராவுக்கு அப்பால் சாந்த்ராகாச்சியில் குவார்ட்டர்ஸ். உங்களுக்கு அவரைத் தெரியும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பைக் கடிகாரத்தைத் திறந்து திறந்து மூடுவாரே, அவர்தான்.

"மேளக்காராளை எங்கே இறக்கப் போறீர்?" என்று என்னைக் கேட்டார்.

"கல்யாண வீட்டிலேயே, பின்கட்டிலே."

"பின்கட்டிலேயா? பாத்திரம் தேய்க்கிற இடத்திலே வித்வான்களைப் படுக்க வைப்பீரா? நன்னா இருக்கு! என் குவார்ட்டர்ஸ் பக்கத்திலே ஒரு வீடு காலியா இருக்கு. நான் பார்த்துக்கறேன். நீர் பொண்ணைப் பெத்தவர், உமக்கு வேற வேலை இல்லையா?"

"பெத்தவன் இல்லை மாமா, கூடப் பொறந்தவன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கையைக் கட்டிண்டு நிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மேளக்காரர்கள் சாந்த்ராகாச்சியில் தங்குவதென்று ஆயிற்று. 'முகூர்த்தத்தன்று காலை ஆறு மணிக்கு ஹௌராவில் இறங்கவேண்டும்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேளக்காரர்களிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு, முதல் நாளே கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த ஊரில் இரண்டு மணி ஓடுவது உங்களுக்குத் தெரியும். ஆபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் ஊர் மணி. ரயிலுக்கு மட்டும் ரயில் மணி. ஊர் மணி இருபத்துநாலு நிமிஷம் முந்திப் போகும். பாலிகஞ்சில் இருக்கிற எனக்கு ஆறு மணி என்றால் ஊர் மணி. சாந்த்ராகாச்சியில் இருபது வருஷமாக ரயில் ஓசையில் தூங்கி எழுந்தவருக்கு ஆறு மணி என்றால் ரயில் மணி. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'ஊர் மணி' என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அது என் தப்பு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ரயிலில் வேலை பார்க்கிறவர் அல்லவா கேட்டிருக்கவேண்டும்? நாளொன்றுக்கு நூறு பேருக்கு, எந்த மணி ஐயா, எந்த மணி ஐயா என்று பதில் சொல்கிறவர் அல்லவா?

அடுத்த வீட்டு வங்காளி அம்மாளை நீங்கள் பெரியம்மா முறையில் ஜேட்டிமா என்று கூப்பிடுகிறீர்கள். நான் அவளைப் பௌதி, அதாவது மன்னி, என்று கூப்பிடுவேன். கல்யாணம் நிச்சயமானதும் அவள் வந்து, நானும் நம் தெருப் பெண்களும் விடிகிறபோதே வந்துவிடுவோம், மாலை மாற்றும்போது சங்கு ஊதிக் குலவை போடுவோம், எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அது இல்லாமல் முடியாது, உன் தங்கை எங்களுக்கும் தங்கைதானே என்றாள். நான் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்து சம்பந்தியம்மாளிடம் சொன்னேன்.

"மீன் சாப்பிடறவாளையா? முகூர்த்த வேளையிலே பந்தல்லேயா?" என்று அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "எங்காத்துப் பெரியவா பாதியிலே எழுந்து போயிடுவா. சாப்பாட்டுக்கு வரட்டும், வேண்டாங்கலை. தனிப் பந்தி போட்டுக்கலாம்."

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பௌதியிடம் போய், முகூர்த்தம் வெகு சீக்கிரம், உங்களுக்குச் சிரமம், பத்து மணிக்கு வாருங்கள் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சரி என்றாள். காகிதத்தில் பத்து மணி என்று எழுதினேனே, அது இப்படி எழுதியது.

முகூர்த்தத்தன்று நடந்தது இது. கோச்சு வண்டிக்காரர்கள் ஊர் மணி ஆறுக்கு ஹௌராவில் போய் நின்றார்கள். ஆறே காலுக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது, அலிப்பூருக்கு ஓடவேண்டும் என்று நானே அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மேளக்காரர்கள் வரவில்லை. வண்டிகள் அலிப்பூருக்குப் போய்விட்டன. ரயில் மணி ஆறுக்கு, அதாவது ஊர் மணி ஆறு இருபத்துநாலுக்கு, மேளக்காரர்கள் ஐந்து பேரும் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு வங்காள பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. வண்டி வரும் வரும் என்று நின்றிருக்கிறார்கள். பிறகு வீட்டு விலாசம் எழுதிய சீட்டை வழியில் போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு, பாலத்தை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து ஏறியிருக்கிறார்கள். ஹௌராவிலிருந்து பாலிகஞ்சுக்கு மாட்டு வண்டி!

இங்கே நான் வாசலுக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏழரைக்குக் கோச்சு வண்டிகள் வந்தன. மேளக்காரர்கள் என்று ஓடினேன். இறங்கியது சம்பந்தி வீட்டு விருந்தாளிகள், பட்டும் சரிகையுமாக. வண்டிக்காரன் என்னைப் பார்த்துக் கையை விரித்தான். உடனே ஓர் ஆளை ஹௌராவுக்கு விரட்டினேன். மாலை மாற்றலும் ஊஞ்சலும் பெண்கள் பாட்டோடு நடந்தன. விருந்தாளிகளில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "என்னய்யா இது, கல்யாணமா, திவசமா? சத்தத்தையே காணோமே" என்றார். நான் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார்.

ஊர் மணி எட்டு ஐந்து. நான் மணையில் உட்கார்ந்து தங்கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டேன். கல்யாணத்தை நடத்திவைத்த வாத்தியார் என் பக்கம் குனிந்தார். "எட்டே காலுக்கு மேலே கடக லக்னம் வந்துடும். அப்புறம் என்னைக் கேக்கப்படாது."

சித்தப்பா கடிகாரத்தைத் திறந்தார். "எட்டே காலுக்கு என்ன அவசரம் ஓய்? இப்போ மணி ஏழு நாப்பத்தொண்ணு."

"இந்த ஊர் உதயத்துக்கு நான் நாழிகை போட்டிருக்கேன்" என்றார் வாத்தியார். "சூரியன் உம்ம ரயில்லே வரலை."

பந்தலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா, மேளக்காராளுக்கு எந்த மணி சொன்னேள்?"

"எந்த மணியா? மணின்னா ஒண்ணுதான். சர்க்கார் ரயில் ஓட்டறதே, அந்த மணி. நீர் ஆறுன்னு எழுதினீர். நான் ஆறுன்னு சொன்னேன்."

சமையல்காரர்களைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தையாவது தட்டச் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். சம்பந்தியம்மாள் கொதித்துப்போனாள். "தாம்பாளத்தைத் தட்டறதா? சேகண்டி அடிக்க இது என்ன சாவு வீடா?"

"அப்படின்னா காத்திருக்கலாம். இன்னும் அரைமணிக்கு மேலே இருக்கு" என்றார் சித்தப்பா, கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டியபடி.

சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, என்னைப் பார்த்தார். முடிவு என் தலையில். காத்திருந்து லக்னம் தப்பினால், நேரம் தப்பிக் கட்டிய தாலி என்று ஆயுசுக்கும் என் தங்கையைச் சொல்வார்கள். மேளமில்லாமல் கட்டினால் ஏற்பாடு செய்யத் துப்பில்லாதவன் என்று என்னைச் சொல்வார்கள். என்னைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். "கட்டட்டும்" என்றேன்.

வாத்தியார் மந்திரத்தைச் சொன்னார். பழக்க தோஷம், கை விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். ஒரு சத்தமும் இல்லை. பந்தல் முழுக்க முந்நூறு பேர் மூச்சு விடுவது கேட்டது. அந்த நிசப்தத்தில்தான் சித்தப்பா எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்:

"நிறுத்து! கட்டாதே! நேரம் இருக்குங்கறேன், கட்டாதே!"

மடியில் இருந்த தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முதுகெலும்பு நடுங்கியது என் நெஞ்சில் தெரிந்தது. எழுந்து போய் அந்த வாயை மூடவேண்டும் என்று எனக்கு வெறி. எப்படி எழுவேன்? தங்கை மடியில், தாலி அவள் கழுத்தில். நான் கழுத்தை மட்டும் திருப்பி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், மற்ற இரண்டை நாத்தனார் போட்டதும் நான் பார்க்கவில்லை. முடிந்தபோது ஊர் மணி எட்டு பத்து.

எட்டு முப்பத்தைந்துக்குத் தெருமுனையில் நாகஸ்வரம் கேட்டது. மாட்டு வண்டியிலிருந்து குதித்து, அந்தப் பாவப்பட்ட மனிதர்கள் வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வாசித்துக்கொண்டே வந்தார்கள். சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரும். எட்டு பதினொண்ணு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. என் ஆட்கள் நேரத்துக்கு வந்துட்டா. நீர்தான் பறந்தீர்."

பத்து மணிக்கு, நான் எழுதி வைத்தபடி ஒரு நிமிஷம் பிசகாமல், பௌதி ஏழெட்டுப் பெண்களோடு வந்தாள். இரண்டு பேர் கையில் சங்கு. மேளம் வரவில்லையாமே, நாங்கள் இருந்திருந்தால் தெருவே அதிரும்படி ஊதியிருப்போமே என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். குத்திக்காட்டத் தெரியாது அவளுக்கு. நான் இலை போடச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷமாக அந்த வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் உத்தியோக உயர்வு தள்ளிப்போனால், "தாலி ஏறச்சே அப்படி ஒரு வார்த்தை விழுந்ததே." சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வீங்கினால் அதற்கும் அந்த வார்த்தை. பசு கறக்காவிட்டால் அதற்கும். நாலு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தபோது என்னென்ன சொன்னார்கள் என்பதை உங்களுக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை. வார்த்தை விழுந்ததாம்! கூரையிலிருந்து பல்லி விழுகிற மாதிரி தானாக விழுந்ததா? சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை அந்த வீட்டில் வந்து உட்கார்ந்து, என் தங்கை கையால் காபி வாங்கிக் குடிக்கிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளைத்தான்.

உங்கள் காதிலும் போட்டு அனுப்பினார்கள் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை டிராம் ஏறி அலிப்பூர் போனேன். கூடத்தில் சம்பந்தியம்மாளும் இருந்தாள், சித்தப்பாவும் இருந்தார்.

"வாங்கோ வாங்கோ. குழந்தைகள் சௌக்கியமா?" என்றாள் அந்த அம்மாள்.

"சௌக்கியம். இங்கே கேட்டதையெல்லாம் வந்து ஒப்பிச்சுதுகள்" என்றேன். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினேன். "கட்டாதேன்னு கத்தினது யாரு மாமா? எங்காத்துப் பொண்ணா?"

"நான் மணியைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதைச் சொல்றவர் பத்து வருஷமா அதையும் சொல்லியிருக்கலாமே. நான்தான் கத்தினேன், அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோன்னு ஒரு நாள் சொன்னேளா?"

"துண்டுச் சீட்டிலே எந்த மணின்னு எழுதத் தெரியாதவர் எங்கிட்டே வந்து நியாயம் பேசறார்!" என்று சம்பந்தியம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உங்கள் அத்தை சமையல் அறையிலிருந்து வந்து என் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, போதும். நீ கத்திட்டு டிராம் ஏறிடுவே. அவாளுக்குச் சாதம் போடறது நான்."

"உனக்குக் கோபமே வரலையா?"

"வராம என்ன? மொத வருஷம் தினமும் அழுதேன்." என் கையை விட்டாள். பிறகு, "அன்னிக்கு நீ அவரைத்தான் பார்த்திண்டிருந்தே. எனக்குத் தலையைக் குனிஞ்சு இவர் கைதான் தெரிஞ்சுது. சொந்தச் சித்தப்பா கத்தறார், கட்டாதே கட்டாதேன்னு. இவர் கை நிக்கலை அண்ணா. முடிச்சைப் போட்டுட்டுத்தான் எடுத்தார். மேளம் வாசிச்சிருந்தா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

அவளுக்கு அது போதுகிறது. இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். எனக்குப் போதவில்லை.

உங்களுக்குத் தாத்தா முறையான அந்தச் சித்தப்பா கடிகாரத்தைத் திறக்கும்போது, 'கட்டாதேன்னு சொன்னது நீங்கதானே?' என்று நீங்கள் கேட்கவேண்டும் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். கேட்கவேண்டாம். நீங்களும் திரும்பி வந்துவிடுவீர்கள், இருக்கவேண்டியவள் அவள். ஆனால் இனி அங்கே யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், தலையாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். எழுந்து சமையல் அறைக்குப் போய் அத்தை பக்கத்தில் உட்காருங்கள். ஏன் எழுந்து போகிறீர்கள் என்று கேட்டால், சும்மாத்தான் என்று சொல்லுங்கள்.